காருக்கும் கேரவனுக்கும் நடுவே சூடாகும் பிளக்: ஃப்யூஸை நம்பிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் பின்னால் கேரவனைப் பூட்டி இழுத்துச் செல்லும் வாசகர்களுக்குப் பயன்படக்கூடும் என்று எண்ணி இக்கடிதத்தை எழுதுகிறேன். கொக்கி, டயர், பிரேக், ஏற்றும் எடை ஆகியவற்றைப் பற்றி யாரைக் கேட்டாலும் அறிவுரை கிடைக்கிறது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே தொங்கும் கேபிளைப் பற்றியும் அதன் நுனியில் இருக்கும் பிளக்கைப் பற்றியும், அது உருகி நாற்றமடிக்கும் வரை, ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் வண்டியில் அது இரண்டு முறை உருகியது. முதல் முறை உருகியதற்கு என் அசட்டை காரணம். இரண்டாம் முறை உருகியதற்கு, முதல் முறை செய்த பழுதுபார்ப்பே காரணம்.

நடந்தது இதுதான். அரை நாள் ஓட்டத்துக்குப் பிறகு ஓய்வெடுக்க நிறுத்தியபோது கேரவனுக்குள் இருந்த குளிர்பெட்டி குளிரவில்லை. பின்விளக்குகளும் இண்டிகேட்டர்களும் ஒழுங்காக எரிந்ததால் மின் இணைப்பில் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கேரவனைக் கழற்றுவதற்காகப் பிளக்கைத் திருகியபோது அது அசையவில்லை. கை வைக்க முடியாத சூடு. ஆறிய பிறகு நெம்பி எடுத்துப் பார்த்தால், 13 பின்களில் ஒன்றைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, மறுபடி இறுகிப் போயிருந்தது. எடுத்துச் சென்ற பட்டறையில் பிளக்கை மட்டும் மாற்றினார்கள். காரின் பக்கத்து சாக்கெட் பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். அத்துடன், 15 ஆம்பியர் ஃப்யூஸைக் கழற்றி 25 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைச் செருகி, இனிமேல் கவலை வேண்டாம் என்றார்கள். முன்பிருந்த ஃப்யூஸ் ஒருமுறைகூடப் போகவில்லையே, அதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்க எனக்கு அன்று தெரியவில்லை. இரண்டே மாதத்தில் அதே பின் மீண்டும் உருகியது. இம்முறை சாக்கெட்டும் சேர்ந்து போனது.

இந்த ஃப்யூஸ் விஷயத்தில்தான் பலரும் தவறுகிறோம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஃப்யூஸ் என்பது அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது உருகி, கம்பியைக் காப்பாற்றுகிற பொருள். பிளக் சூடாவதோ பெரும்பாலும் மின்னோட்டம் மிகுவதால் அல்ல; உலோகமும் உலோகமும் தொடுகிற இடத்தில் மின்தடை கூடுவதால். (மின்தடை என்றதும் வீட்டில் கரண்ட் போவதை நினைக்க வேண்டாம், ஓம் கணக்கில் அளக்கப்படும் தடையைச் சொல்கிறேன்.) 13 வோல்ட்டில் 130 வாட் இழுக்கும் ஒரு குளிர்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அது 10 ஆம்பியர் இழுக்கும். இவ்வகைக் குளிர்பெட்டி ஒரு சுருளைச் சூடேற்றி, அந்த வெப்பத்தைக் கொண்டே குளிர்விக்கிறது; அந்தச் சுருளின் தடை 1.3 ஓம். பிளக்கின் உலோகத்தில் களிம்பு (பித்தளைப் பாத்திரத்தில் படிவது போன்ற துரு) ஏறி, ஒரே ஒரு தொடுமுனையில் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால், மின்னோட்டம் 9.3 ஆம்பியராகக் குறைகிறது. ஆம், குறைகிறது. ஃப்யூஸின் கணக்குப்படி நிலைமை முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தொடுமுனையில் மட்டும் சுமார் 8.6 வாட் வெப்பம் ஓயாமல் பிறந்துகொண்டிருக்கும். குளிர்பெட்டிக்குப் போய்ச் சேருவது 112 வாட்டாகச் சுருங்கிவிடும். என் பெட்டி குளிராததற்கும் பிளக் உருகியதற்கும் காரணம் ஒன்றே என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

8.6 வாட் என்றால் அற்பமாகத் தோன்றும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில், போக 6 மீட்டரும் வர 6 மீட்டருமாக 12 மீட்டர் நீளத்துக்கு 10 ஆம்பியர் பாய்ந்தாலும் ஏறக்குறைய அதே அளவு வெப்பம்தான் உண்டாகிறது. ஆனால் அது 12 மீட்டரிலும் பரவுவதால் கம்பியைத் தொட்டால் சூடே தெரியாது. அதே வெப்பம் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு பித்தளைத் துண்டில், நாற்புறமும் பிளாஸ்டிக் மூடிய இடத்தில், மணிக்கணக்கில் குவிந்தால் என்ன ஆகும்? ஈயம் பற்றவைக்கும் சிறிய சால்டரிங் அயர்ன்கள் 15, 25 வாட் அளவில்தான் வருகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். சூடு ஏற ஏற உலோகத்தின் மேல் ஆக்ஸைடு படலம் தடிக்கிறது, அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தன் விறைப்பை இழக்கிறது, தடை இன்னும் கூடுகிறது, அதனால் சூடும் கூடுகிறது. இந்தச் சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்காது. இதற்கிடையில் பெரிய ஃப்யூஸைச் செருகுவதால் கிடைப்பது ஒன்றே: என்றாவது இளகிய பிளாஸ்டிக்கினூடே பாசிட்டிவும் எர்த்தும் (மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) ஒட்டிக்கொண்டால், அப்போதாவது குறுக்கிட்டிருக்கக்கூடிய சிறிய ஃப்யூஸையும் இழந்திருப்போம்.

எந்தப் பின் கருகியிருக்கிறது என்று பார்ப்பதே நோயறிவதில் பாதி வேலை. 13 பின் இணைப்பில், ஐஎஸ்ஓ 11446 தரப்படி, 1 முதல் 8 வரை உள்ளவை விளக்குகளின் சுற்றுக்கு உரியவை. அவற்றுள் 3-ஆவது பின் விளக்குகளுக்கான எர்த். 9-ஆவது எப்போதும் உயிரோடிருக்கும் 12 வோல்ட். 10-ஆவது வண்டியை ஓடவிட்டால் மட்டும் வரும் 12 வோல்ட், பெரும்பாலும் குளிர்பெட்டிக்குப் போவது. 11-ஆவது பத்தாவதன் எர்த். 13-ஆவது ஒன்பதாவதன் எர்த். 12-ஆவது மின்சாரம் கொண்டு செல்லும் வேலையில் இல்லை. பழைய கேரவன்களில் இவையே இரண்டு 7 பின் பிளக்குகளாகப் பிரிந்திருக்கும்; வட அமெரிக்காவில் தட்டையான தகடுகள் கொண்ட 7 முனை இணைப்பு வழக்கம். எந்த வகையானாலும் விளக்குப் பின்கள் கருகுவது அரிது. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிகிறது, பிரேக் விளக்கு சில நொடிகள் எரிகிறது. குளிர்பெட்டியும், கேரவனுக்குள் இருக்கும் பேட்டரியின் சார்ஜும்தான் மணிக்கணக்கில் நிற்காமல் இழுப்பவை. பல குளிர்பெட்டிகள் 12 வோல்ட்டில் ஓடும்போது தெர்மோஸ்டாட்டே வேலை செய்வதில்லை. புறப்பட்டது முதல் நிறுத்தும் வரை ஒரே சீராக இழுத்துக்கொண்டே இருக்கும்.

கருகிய இடம் பிளக்கின் வாய்ப்பக்கமா, கம்பி நுழையும் பக்கமா என்பதும் கவனிக்கத் தக்கது. வாய்ப்பக்கம் கருகியிருந்தால் பின்னும் அதைப் பிடிக்கும் சாக்கெட்டின் குழலும் தொடுகிற இடத்தில் கோளாறு: களிம்பு, தளர்ந்த ஸ்பிரிங், அல்லது பிளக்கை முழுவதும் திருகாமல் விட்டது. கடைசியாகச் சொன்னது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. 13 பின் பிளக்கை அழுத்திவிட்டு, அது பூட்டிக்கொள்ளும் வரை திருப்ப வேண்டும். பாதியில் விட்டாலும் விளக்குகள் எரியும், நாமும் கிளம்பிவிடுவோம். கம்பிப் பக்கம் கருகியிருந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது, அல்லது இழைகளில் பாதி அறுந்து மீதிப் பாதிதான் பாரம் சுமக்கிறது. இங்கே ஒரு தவறான வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பி முனையின் இழைகள் பிரியாமல் இருக்க ஈயம் பூசி, அதன் மேல் திருகாணியை இறுக்குவதைச் சிலர் நேர்த்தியான வேலை என்று நினைக்கிறார்கள். ஈயம் மென்மையானது, அழுத்தத்தில் நாளாக ஆக நசுங்கி விலகிக் கொடுக்கும், இறுக்கிய திருகாணி யாரும் தொடாமலே தளர்ந்துபோகும். இழைகள் பிரியாமலிருக்க வேண்டுமானால், கம்பி முனைக்கென்றே விற்கும் சிறிய உலோகக் குழலை மாட்டி, அதற்குரிய இடுக்கியால் நசுக்கி, அதன் மேல் திருகாணியை இறுக்குவதே முறை.

எர்த் பக்கத்தைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பத்தாவது பின் வழியே போகும் ஒவ்வொரு ஆம்பியரும் பதினோராவது வழியே திரும்பி வந்தாக வேண்டும். ஆகையால் அதுவும் அதே அளவு உழைக்கிறது. மூன்று எர்த்துகளையும் கேரவனுக்குள் ஒன்றாகச் சேர்த்து முடிச்சுப் போடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் விதி. அப்படிச் சேர்த்திருந்தால், பதினோராவது கெட்டுப்போகும்போது குளிர்பெட்டியின் மின்னோட்டம் முழுவதும் விளக்குகளுக்கான எர்த் வழியே திரும்பத் தொடங்கும். அப்போது கோளாறு ஓரிடத்தில் இருக்க, வேறொரு பின் கருகும். பழுதுபார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

அளப்பது எப்படி என்று சொல்லாமல் இதையெல்லாம் சொல்வதில் பொருளில்லை. பிளக்கைக் கழற்றி, சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து, 12.6 வோல்ட் வருகிறது, எல்லாம் சரி என்று சொல்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக அற்பமானது. அந்த நிலையில் எவ்வளவு கெட்டுப்போன இணைப்பும் முழு வோல்ட்டைக் காட்டும். பாரம் ஏற்றித்தான் அளக்க வேண்டும். கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பிளக்கைச் செருகி, என்ஜினை ஓடவிட்டு, குளிர்பெட்டியை 12 வோல்ட்டில் போட வேண்டும். சாக்கெட்டின் பின்புறத்து மூடியையும் பிளக்கின் மூடியையும் திறந்தால் இருபுறத்துத் திருகாணிகளும் தெரியும். மீட்டரின் ஒரு முனையை சாக்கெட்டின் பத்தாவது திருகாணியிலும் மறுமுனையைப் பிளக்கின் பத்தாவது திருகாணியிலும் வைத்தால், மீட்டர் காட்டுவது அந்த ஒரு தொடுமுனை தின்றுவிடும் வோல்ட். 10 ஆம்பியர் பாயும்போது அது 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் அங்கே உண்டாகும் வெப்பம் 1 வாட்டுக்குள், பயமில்லை. 0.3 காட்டினால் 3 வாட். அதை அப்படியே விட்டுப் பயணம் போக நான் துணியமாட்டேன். பிறகு பதினோராவதிலும் அதே போல அளக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் திருகாணிகளை மீட்டரின் முனை சேர்த்துத் தொட்டுவிடாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். 12 வோல்ட் ஆளை அடிக்காது என்பது உண்மை. ஆனால் குறுக்குச் சுற்று ஏற்பட்டால் கார் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயக்கூடும். கம்பியைக் கழற்றி மாட்டும் வேலைக்கு முன்பு ஃப்யூஸை உருவிவிட வேண்டும், ஏனெனில் ஒன்பதாவது பின் சாவியை எடுத்த பிறகும் உயிரோடுதான் இருக்கும்.

மூடியைத் திறக்க மனமில்லாதவர்கள், அரை மணி நேரம் ஓட்டிய பிறகு நிறுத்தி, பிளக்கின் மேல் கையை வைத்துப் பார்க்கலாம். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கும் சூடு இருந்தால் குளிர்பெட்டியை அணைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

இனி, பழுது நீக்குவது. களிம்பு மட்டும் படிந்து, நிறமாற்றம் இல்லாமல் இருந்தால், மின் தொடுமுனைகளுக்கென விற்கும் துப்புரவுத் திரவத்தைப் பீய்ச்சி, சிறு தூரிகையால் தேய்த்து, காய்ந்த பிறகு மிக மெல்லியதாக மின்னிணைப்பு கிரீஸ் தடவினால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அன்றைக்குப் பளபளப்பைத் தரும். மேல் பூச்சு போய்விடுவதால் அடுத்த மழைக்காலத்தில் களிம்பு இரட்டிப்பாக வரும். ஆனால் உலோகம் ஒருமுறை சூட்டில் நிறம் மாறிவிட்டதென்றால் சுத்தம் செய்வது வீண். விறைப்பு போன ஸ்பிரிங்கை எந்தத் திரவமும் மீட்டுத் தராது. அப்போது பிளக், சாக்கெட் இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். என் முதல் பழுதுபார்ப்பு தோற்றது இங்கேதான்: சூடுபட்ட பழைய குழல் புதிய பின்னைத் தளர்வாகப் பிடித்தது, புதிய பின்னும் அதே வழியில் போனது. கம்பியையும் பார்க்க வேண்டும். சூடுபட்ட செம்பு மங்கிக் கருத்திருக்கும். பளிச்சென்ற செம்பு தெரியும் வரை பின்னோக்கி வெட்டிவிட்டுத்தான் புதிய முனையில் பொருத்த வேண்டும். வெட்டியதில் நீளம் போதவில்லை என்றால் நடுவில் ஒட்டுப் போடாமல் கேபிளையே மாற்றுவது நல்லது. இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும் அந்த இடம் ஒட்டுகளுக்கு ஏற்றதல்ல. கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்க வேண்டும். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியும் விற்பனைக்கு வருகிறது. அதே கனத்தில் அதன் தடை அதிகம், திருகாணிக்கடியில் அது நிலைத்து நிற்பதுமில்லை.

இத்தனையும் ஒழுங்காகச் செய்தாலும் உருகக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. அதை இப்போது எழுதாமல் விட்டால் இக்கடிதம் பாதிக் கடிதமாகிவிடும். புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் கருவி) ஒரே சீரான வோல்ட்டைத் தருவதில்லை. எரிபொருளைச் சேமிப்பதற்காகக் கணினி அதை ஏற்றியும் இறக்கியும் வைக்கிறது. குறைந்த வோல்ட்டில் கேரவனின் பேட்டரி நிறையாது என்பதால், வரும் வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் சார்ஜர் ஒன்றைக் கேரவனில் பொருத்துகிறார்கள். கருவி நல்லதுதான். ஆனால் அதன் குணம் குளிர்பெட்டியின் குணத்துக்கு நேர்மாறானது. குளிர்பெட்டி, வோல்ட் குறைந்தால் குறைவாக இழுக்கும். இந்தச் சார்ஜரோ, பேட்டரிக்குக் கொடுக்க வேண்டிய வாட்டைக் கொடுத்தே தீருவது என்று, வோல்ட் குறையக் குறைய அதிக ஆம்பியரை இழுக்கும். 14.4 வோல்ட்டில் 25 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் 360 வாட் தருகிறது. அதற்குள்ளேயே பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டால் 400 வாட் உள்ளே வர வேண்டும். 13 வோல்ட் வந்தால் 31 ஆம்பியர். தளர்ந்த பிளக்கில் இழப்பு ஏற்பட்டு 11 வோல்ட்தான் வருகிறது என்றால் 36 ஆம்பியருக்கு மேல். வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்வதால், அதே தொடுமுனையில் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். பிளக் கெடுவதால் சார்ஜர் அதிகம் இழுக்கிறது, சார்ஜர் அதிகம் இழுப்பதால் பிளக் மேலும் கெடுகிறது.

13 பின் பிளக்கின் எந்தப் பின்னும் இத்தகைய பாரத்துக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. இச்சார்ஜர்களில் பலவற்றில், உள்ளே இழுக்கும் மின்னோட்டத்துக்கு உச்சவரம்பு வைக்க வழியுண்டு. கார் தயாரிப்பாளர் அந்தப் பின்னுக்கு எத்தனை ஆம்பியர் அனுமதித்திருக்கிறாரோ அதற்குள் வரம்பை வைக்க வேண்டும். முழு வேகத்தில் சார்ஜ் ஆக வேண்டுமென்றால், கார் பேட்டரியிலிருந்து 10 அல்லது 16 சதுர மில்லிமீட்டர் கனமுள்ள தனிக் கேபிளை இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃப்யூஸ் வைத்து, 50 ஆம்பியர் தாங்கும் இரண்டு முனைப் பெரிய இணைப்பியைப் பம்பர் அருகே பொருத்துவதே வழி. செலவு கூடும், காரின் அடியில் படுத்து வேலை செய்ய நேரும், இரண்டு பிளக்குகளைச் செருக வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்து குறுக்கு வழி கிடையாது.

தங்கள் நாளிதழ் வழியாகப் பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கேரவனின் பிளக்கைப் பழுதுபார்த்துத் திருப்பிக் கொடுக்கும்போது, பாரம் ஏற்றி அளந்த இழப்பு எத்தனை வோல்ட் என்பதைப் பாசிட்டிவுக்கும் எர்த்துக்கும் தனித்தனியாக ரசீதில் எழுதிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை அது. சார்ஜர் பொருத்துபவர்கள், அது உச்சமாக எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்பதைக் கேரவனுக்குள்ளேயே ஒரு சீட்டில் ஒட்டி வையுங்கள். வண்டி கைமாறும்போது அடுத்தவருக்குத் தெரிய வேறு வழியில்லை. வாசகர்களுக்கு: பிளக்கைப் பயன்படுத்தாத நாட்களில் வாய் மேல்நோக்கித் தொங்கவிடாதீர்கள், மழைநீர் தேங்கும். அடாப்டர்களைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள், ஒவ்வொரு அடாப்டரும் ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு தொடுமுனையைச் சேர்க்கிறது. ஃப்யூஸ் போகாமல் பிளக் உருகியதென்றால், பெரிய ஃப்யூஸ் போடச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இரண்டாம் முறை உருகியபோது பிளக், சாக்கெட், கேபிள் மூன்றையும் நானே மாற்றினேன். 15 ஆம்பியர் ஃப்யூஸைத் திரும்ப வைத்தேன். அன்று அளந்தபோது பத்தாவது பின்னில் 0.04 வோல்ட், பதினோராவதில் 0.05 வோல்ட். சென்ற வாரம் அளந்தபோது பத்தாவது அப்படியே இருக்கிறது, பதினோராவது 0.09 காட்டுகிறது. பிளக்கைத் திறந்து பார்த்தேன். திருகாணி கால் சுற்று தளர்ந்திருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்களில் ஒருவன்